நான்கு உதிரிபாகம், ஒரே உறை, நான்கு தபால் செலவு

தபால்காரர் நீட்டிய உறையை வாங்கியதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான்கு பார்சல் வர வேண்டும், வந்தது ஒன்று. உள்பக்கம் குமிழித்தாள் ஒட்டிய பழுப்பு உறை, என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. வலது மூலையில் மூன்று தபால்தலைகள். பிரித்தால் பழைய தையல் மெஷினுக்கு நான் கேட்டிருந்த நான்கு உதிரிபாகங்களும் உள்ளே இருந்தன. அடிநூல் உருளை உட்காரும் பாபின் கேஸ், மேல்நூலை அடிநூலோடு கோக்கும் ஷட்டில், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் ஸ்பிரிங், ஊசியைப் பிடிக்கும் கிளாம்ப். ஒவ்வொன்றும் சின்ன ஜிப் பையில். நான்கு பைகளையும் ஒரு ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார் விற்றவர். பாகங்களில் ஒரு குறையும் இல்லை. ஷட்டிலின் முனையை விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன், பிசிறு கிடையாது. துருப்பிடிக்காமல் இருக்க லேசாக எண்ணெய் கூடத் தடவியிருந்தார்.

அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி உறைக்குள் போட்டுத் தராசில் வைத்தேன். 86 கிராம். தபால்தலைகளில் அச்சிட்டிருந்த தொகையைக் கூட்டினேன். நான் தபால் செலவு என்று கட்டியிருந்த தொகையில் அது சரியாக ஐந்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகத் தபால் செலவு போட்டு, நான்கையும் ஒரே உறையில், ஒரே தபாலில் அனுப்பியிருக்கிறார். நான்கு பாகங்களின் மொத்த விலையை விட அவற்றுக்கு நான் கொடுத்த தபால் செலவு அதிகம்.

பழைய, காலால் மிதிக்கும் மெஷின்களையும் கையால் சுற்றும் மெஷின்களையும் பழுது பார்ப்பது என் வேலை. இவற்றில் பலவற்றுக்குப் பாகங்கள் புதிதாக வருவதில்லை. உலகத்தின் எந்த மூலையிலோ யாரோ ஒருவர் உடைந்த மெஷினைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பார், அவரிடம்தான் வாங்க வேண்டும். ஆறு வருடமாக ஒரே இணையச் சந்தையில்தான் பெரும்பாலும் வாங்குகிறேன். அந்தச் சந்தையைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. பாகங்களின் தரத்தைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாகக் குறை இல்லை. எழுத வேண்டியதெல்லாம் தபால் செலவைப் பற்றி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேறெங்கும் கிடைக்காத பாகம் இங்கே கிடைக்கிறது. தேடல் நன்றாக வேலை செய்கிறது. மெஷினின் வரிசை எண்ணையோ பாகத்தின் எண்ணையோ போட்டால் சரியான பொருள் வந்து நிற்கிறது. பணம் கட்டும் முறையில் எனக்கு ஒருமுறை கூடச் சிக்கல் வந்ததில்லை. பார்சல் வராமலே போனது இரண்டு முறை, இரண்டு முறையும் முழுப் பணமும் திரும்பி வந்தது, தபால் செலவு உட்பட.

அந்த நான்கு பாக விவகாரத்துக்கு வருகிறேன். அன்று மாலையே விற்றவருக்கு எழுதினேன். கோபமாக எழுதவில்லை. 'பாகங்கள் மிக நன்றாக இருக்கின்றன, நன்றி. நான்கையும் ஒரே உறையில் அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு தபால் செலவையும், பேக்கிங்குக்கு அதில் பாதியையும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர முடியுமா?' என்று கேட்டேன். உறையின் படத்தையும், தராசு மேல் உறை இருக்கும் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. கட்டணம் ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் தெளிவாகப் போட்டிருந்தது, நீங்கள் பார்த்துத்தான் பணம் கட்டினீர்கள் என்றார். அது உண்மைதான். நான்கும் நான்கு தனி இடங்களில் பட்டியலிட்டவை. கூடையில் போட்டபோது நான்கு தபால் செலவும் கூட்டித்தான் காட்டியது. அனுப்பும்போது அவராகவே சரி செய்துவிடுவார் என்று நம்பி நான் பணம் கட்டினேன். அதற்கு முன் பல விற்பனையாளர்கள் கேட்காமலே அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் இவரையும் நம்பிவிட்டேன்.

அவருடைய பக்கங்களை மறுபடி திறந்து கடைசி வரி வரை படித்தேன். விவரங்களுக்கும் கீழே, திருப்பி அனுப்பும் விதிகளுக்கும் கீழே, ஒரு வரி இருந்தது: ஒன்றுக்கு மேல் வாங்குகிறவர்களுக்குத் தபால் செலவு சேர்த்துக் கணக்கிடப்படும், பணம் கட்டும் முன் பில் கேளுங்கள். ஆக, குறைத்துத் தர அவருக்கு மனமிருக்கிறது, ஆனால் நான் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சந்தையின் உதவிப் பகுதிக்குப் போனேன். புகார் கொடுக்க அங்கே மூன்று பொத்தான்கள்: பொருள் வரவில்லை, பொருள் உடைந்து வந்தது, சொன்ன பொருளும் வந்த பொருளும் வேறு. என் புகார் இந்த மூன்றிலும் அடங்காது. தபால் செலவு அதிகமாக வாங்கிவிட்டார்கள் என்று சொல்ல ஒரு பொத்தான் கிடையாது. 'மற்றவை' என்பதை அழுத்தி எழுதினேன். இரண்டு நாள் கழித்து வந்த பதிலின் சாரம் இதுதான்: தபால் செலவு வாங்குபவரும் விற்பவரும் ஒப்புக்கொண்ட விஷயம், நாங்கள் தலையிட முடியாது. பொருளின் விலையிலும் தபால் செலவிலும் சேர்த்துக் கமிஷன் எடுக்கும் சந்தை, தபால் செலவில் தகராறு வந்தால் ஒதுங்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இதை அவர்களுக்கே எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

கடைசியில் விற்றவருக்கே மறுபடி எழுதி, அவருடைய பக்கத்தின் அடியில் இருந்த அந்த வரியின் படத்தை அனுப்பினேன். 'நீங்களே கொடுக்கும் சலுகைதான், நான் கேட்கத் தவறிவிட்டேன், இப்போது கேட்கிறேன்' என்றேன். நான்கில் இரண்டு தபால் செலவைத் திருப்பிக் கொடுத்தார். பாகத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டேன். தபால் செலவுக்குத் தனியாக மதிப்பிடும் கட்டத்தில் இரண்டு. அவருக்கு அது வருத்தமாக இருந்திருக்கும், ஆனால் எனக்கு அடுத்து வருகிறவருக்கு அது தெரிய வேண்டும்.

இப்படி ஏன் நடக்கிறது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. இணையச் சந்தைகள் தொடங்கிய காலத்தில் கமிஷன் பொருளின் விலை மேல் மட்டும்தான். அதனால் சிலர் பொருளுக்குச் சொற்ப விலை போட்டு, லாபத்தையெல்லாம் தபால் செலவுக்குள் ஒளித்து வைத்தார்கள். விலை குறைவாகத் தெரிவதால் தேடலிலும் மேலே வரும், கமிஷனும் மிச்சம். 1995இல் தொடங்கிய இபே, 2011இல் அமெரிக்காவில் தபால் செலவையும் சேர்த்த மொத்தத் தொகை மேல் கமிஷன் எடுக்கத் தொடங்கியது. அந்தத் தந்திரத்தில் பாதி காரணம் அதோடு போயிற்று. ஆனால் புதிதாக ஒன்று வந்தது. அஞ்சலகத்தில் கட்டும் அதே தொகையை மட்டும் வாங்கினால், அதன் மேல் போகும் கமிஷன் விற்பவர் கையை விட்டுப் போகும். நேர்மையான விற்பனையாளரும் கொஞ்சம் கூட்டித்தான் போட வேண்டியிருக்கிறது.

இந்தக் கூடுதலை நான் குறை சொல்லவே மாட்டேன். உறை, குமிழித்தாள், டேப், லேபிள் அச்சிடும் மை, அஞ்சலகத்துக்குப் போய் வரிசையில் நிற்கும் நேரம், எல்லாம் செலவுதான். பழுது பார்த்த மெஷின்களை நானே சில பேருக்கு அனுப்பியிருக்கிறேன். இரும்பு மெஷினைப் பெட்டியில் அசையாமல் உட்கார வைக்க ஒரு முழு மாலை வேண்டும். தபால்தலையின் தொகைக்கும் நான் கட்டியதற்கும் பைசா பைசாவாகக் கணக்குக் கேட்கிறவர்களோடு நான் இல்லை. ஒரு உறைக்கு ஒன்றரை மடங்கு கேட்டால் கொடுத்துவிடுவேன். ஐந்து மடங்கைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அன்று என்னால் கணக்குப் போட முடிந்ததே அந்த உறையில் தபால்தலை இருந்ததால்தான். 1840க்கு முன்பு பிரிட்டனில் கடிதத்துக்கான செலவைப் பெரும்பாலும் அதைப் பெறுகிறவர்தான் கொடுத்தார். தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கட்டணம். ரோலண்ட் ஹில் என்ற அஞ்சல் சீர்திருத்தவாதி கொண்டுவந்த மாற்றத்தில் அனுப்புகிறவர் முன்கூட்டியே, எடையை வைத்து, ஒரே மாதிரிக் கட்டணம் கட்டினார், கட்டியதற்குச் சாட்சியாக உறை மேல் தபால்தலையை ஒட்டினார். எவ்வளவு செலவு ஆனது என்பது உறையைப் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்தது. இப்போது வருகிற பார்சல்கள் பலவற்றில் இருப்பது அச்சிட்ட லேபிளும் பட்டைக்கோடும்தான். மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குத் தள்ளுபடிக் கட்டணம் வேறு. லேபிளில் தொகையே இல்லாதபோது விற்றவர் உண்மையில் என்ன கட்டினார் என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை.

தெரியாததால் நான் ஒருமுறை ஒரு நல்ல மனிதர் மேல் தவறாகப் புகார் சொல்லியிருக்கிறேன். அதையும் எழுதினால்தான் இந்த மதிப்புரை நியாயமாக இருக்கும்.

கையால் சுற்றும் மெஷினைக் கவிழ்த்து மூடும் வளைந்த மர மூடி ஒன்று வேண்டியிருந்தது. உள்ளே வெறும் கூடு, ஒரு கையால் தூக்கிவிடலாம். அதன் விலையில் முக்கால் பங்கு தபால் செலவு வந்தது. வேறு வழியில்லாமல் வாங்கினேன். வந்ததும் பெட்டியோடு எடை போட்டேன், மூன்று கிலோவும் கொஞ்சமும். அந்தக் கூரியரின் கட்டணப் பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தால் மூன்று கிலோவுக்கு நான் கட்டியதில் பாதி கூட இல்லை. சூட்டோடு சூடாக இரண்டு நட்சத்திரம் போட்டு, 'தபால் செலவில் லாபம் பார்க்கிறார்' என்று எழுதிவிட்டேன்.

அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். பெட்டியை அளந்து பாருங்கள் என்றார். டேப்பை எடுத்து அளந்தேன். நீளம் 50 செ.மீ., அகலம் 30, உயரம் 32. மூன்றையும் பெருக்கினால் 48,000 கன செ.மீ. பெரிய பன்னாட்டுக் கூரியர்கள் பொதுவாக இதை 5,000ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். 9.6 கிலோ. தராசு காட்டும் எடை, பெட்டி அடைக்கும் இடத்துக்கான எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். விமானத்திலும் வண்டியிலும் தீர்ந்து போவது எடை மட்டுமில்லை, இடமும்தான். வெற்றுக் கூட்டை அனுப்பினாலும் அது பிடிக்கிற இடத்துக்குக் காசு உண்டு. கூரியர் கொடுத்த ரசீதின் படத்தையும் அனுப்பியிருந்தார். என்னிடம் வாங்கியதை விட அவர் கட்டியது கொஞ்சம் அதிகம். கையில் இருந்து போட்டிருக்கிறார்.

ஒரு பெட்டியின் மூன்று பக்கத்தையும் இரண்டு இரண்டு செ.மீ. குறைத்தால் எவ்வளவு மாறுகிறது என்று அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 48 × 28 × 30 என்றால் 8 கிலோவுக்குச் சற்று மேல். ஒன்றரைக் கிலோவின் கட்டணம் குறைகிறது. அதற்கப்புறம் பெரிய, லேசான பொருள் வாங்கினால் முடிந்தவரை இறுக்கமான பெட்டியில் போடச் சொல்லி முன்பே கேட்கிறேன். மூடியின் கைப்பிடியைக் கழற்றி உள்ளே வைக்க முடியுமா என்றும் கேட்பேன். விற்பவர்கள் சந்தோஷமாகவே செய்கிறார்கள்.

இலவச ஷிப்பிங் என்று போட்டிருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலவு விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். ஒரு பொருள் வாங்குகிறவருக்கு வித்தியாசமே இல்லை. என்னைப் போல ஒரே ஆளிடம் நாலு சின்னப் பாகம் வாங்குகிறவருக்குத்தான் நஷ்டம், ஏனென்றால் நான்கு விலைக்குள்ளும் நான்கு தபால் செலவு இருக்கிறது, திருப்பிக் கேட்க வாயே இல்லை. சந்தைகளே விற்பனையாளர்களை இந்தப் பக்கம் தள்ளுகின்றன. கைவினைப் பொருள்களுக்கான இணையச் சந்தையான எட்சி 2019இல் அமெரிக்க வாங்குபவர்களுக்கான தேடலில் இலவச ஷிப்பிங் தரும் கடைகளை முன்னால் காட்டத் தொடங்கியது நினைவிருக்கலாம். இப்படிப்பட்ட விற்பனையாளரிடம் நான் கேட்பது வேறு கேள்வி: நான்கையும் சேர்த்து ஒரே பட்டியலாகப் போட்டால் என்ன விலைக்குத் தருவீர்கள்? பாதிப் பேர் புதிதாக ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலில் இன்னொரு குழப்பம் உண்டு. பக்கத்து ஊரிலிருந்து வரும் உறையை விட, கடல் தாண்டி வரும் உறை மலிவாக இருக்கும். நெடுநாள் எனக்கு இது புரியாமலே இருந்தது. 1874இல் பெர்னில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் உருவான உலக அஞ்சல் ஒன்றியம்தான் இதற்கு வேர். ஒரு நாட்டிலிருந்து வரும் தபாலை இன்னொரு நாடு வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்க்க, அனுப்பிய நாட்டின் அஞ்சல் துறை ஒரு தொகை தர வேண்டும். வளர்ந்துவரும் நாடுகளுக்கு அந்தத் தொகை நீண்ட காலம் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. அதனால் சில நாடுகளிலிருந்து இரண்டு கிலோ வரையிலான சின்னப் பொட்டலங்கள் நம்ப முடியாத மலிவில் உலகமெங்கும் போயின. ஒன்றியத்தை விட்டு விலகப்போவதாக 2018இல் அமெரிக்கா அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிய சிறப்பு மாநாட்டில், வந்து சேரும் பொட்டலங்களுக்கு நாடுகள் தாங்களே கட்டணம் நிர்ணயித்துக்கொள்ள வழி செய்தார்கள். நான் வழக்கமாக வாங்கும் ஒருவர் அதற்கடுத்த ஒன்றிரண்டு வருடங்களில் தபால் செலவை இரட்டிப்பாக்கினார். அவர் பேராசைப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் கட்ட வேண்டிய தொகையே ஏறியிருந்தது.

சுங்கவரிதான் இதில் பலருக்கும் தெரியாத இடம். உலகின் பல நாடுகளில் வரியைக் கணக்கிடும்போது பொருளின் விலையோடு காப்பீட்டையும், கொண்டுவரும் செலவையும் கூட்டித்தான் மதிப்பை எடுக்கிறார்கள். அமெரிக்கா போன்ற சில நாடுகள் கொண்டுவரும் செலவைச் சேர்ப்பதில்லை. கூட்டும் நாட்டில் நீங்கள் இருந்தால், விற்றவர் ஊதிப் பெரிதாக்கிய தபால் செலவுக்கும் நீங்கள் வரி கட்டுகிறீர்கள். நான்கு தபால் செலவு கட்டிய அந்த நான்கு பாகங்களுக்கு அப்படித்தான் ஆனது. பின்னால் அவர் இரண்டைத் திருப்பிக் கொடுத்தபோது, அதற்குரிய வரி திரும்பி வரவில்லை. பணம் கட்டும் முன்பே தபால் செலவைச் சரி செய்ய வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

திருப்பி அனுப்பும்போது வரும் தகராறு இன்னும் பெரிது. ஒருமுறை மெஷினின் பக்கவாட்டில் சுழலும் இரும்புச் சக்கரம் ஒன்றை வாங்கினேன். படத்தில் இருந்தது சரியான சக்கரம், வந்தது வேறு மாடலின் சக்கரம். நடுத்துளை பெரியது, அச்சில் போட்டால் தடதடவென்று ஆடியது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. திருப்பி அனுப்பக் கூரியரில் கேட்டால் சக்கரத்தின் விலையை விட அதிகம் சொன்னார்கள்.

திருப்பி அனுப்பும் பக்கத்தில் காரணம் கேட்கும் ஒரு பட்டியல் வரும். அதை அவசரத்தில் தட்டிவிடாதீர்கள். 'பொருந்தவில்லை' என்று நான் தட்டப்போனேன். உண்மையும் அதுதானே, பொருந்தத்தானே இல்லை. விரலை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். 'பொருந்தவில்லை', 'இனி வேண்டாம்' போன்றவற்றைத் தேர்ந்தெடுத்தால் திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவர் தலையில். 'சொன்ன பொருளும் வந்த பொருளும் வேறு' என்றால் விற்றவர் தலையில். ஒரே சக்கரம், ஒரே குறை, எந்த வரியைத் தொடுகிறோம் என்பதில் செலவு கை மாறுகிறது. துளையின் குறுக்கே அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, பட்டியலில் அவரே எழுதியிருந்த அளவோடு சேர்த்து அனுப்பினேன். சக்கரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். திருப்பி வாங்குவது அவருக்கும் கட்டுப்படியாகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் உரிமை விதிப்படி, இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். அப்போது பொருளின் விலையோடு முதலில் கட்டிய சாதாரணத் தபால் செலவையும் வியாபாரி திருப்பித் தர வேண்டும். வாங்கியவர் தானாக விரும்பி விரைவுத் தபால் கேட்டிருந்தால் அந்தக் கூடுதல் மட்டும் கிடைக்காது. திருப்பி அனுப்பும் செலவு பொதுவாக வாங்கியவருடையது. இந்தியாவின் 2020 மின்வணிக விதிகள், மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டி, டெலிவரி, தபால், கையாளும் கட்டணங்களை அதற்குள் பிரித்தும் காட்ட வேண்டும் என்கின்றன. உங்கள் நாட்டில் என்ன விதி என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: விற்பவர் வியாபாரியா, வீட்டில் கிடந்ததை விற்கும் தனி ஆளா? ஐரோப்பாவின் அந்த 14 நாள் உரிமை வியாபாரியிடம்தான் செல்லும். பாட்டியின் மெஷினைப் பிரித்து விற்கிற ஒருவரிடம் அதைச் சொல்லிச் சண்டை போட்டுப் பயனில்லை.

இப்போதெல்லாம் ஒரே ஆளிடம் இரண்டு பொருள் பிடித்துவிட்டால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு செய்தி அனுப்புகிறேன். அதை எழுதி வைத்திருக்கிறேன், பெயரை மட்டும் மாற்றி அனுப்புவேன்: 'வணக்கம். உங்களிடம் இன்ன இன்ன பாகங்களை வாங்க விரும்புகிறேன். எல்லாவற்றையும் ஒரே பார்சலில் அனுப்பினால் மொத்தத் தபால் செலவு எவ்வளவு? ட்ராக்கிங் இல்லாமல் அனுப்பினால் எவ்வளவு? புதிய பில் அனுப்பினால் உடனே கட்டிவிடுகிறேன்.' மூன்று வரிதான். ட்ராக்கிங்கைப் பற்றித் தனியாகக் கேட்பது முக்கியம். சின்னப் பொட்டலத்தின் செலவில் ஒரு பங்கு, பார்சல் எங்கே இருக்கிறது என்று காட்டும் அந்த ட்ராக்கிங் எண்ணுக்காகத்தான். விலை குறைந்த ஸ்பிரிங்குக்கு அது தேவையா என்று நாமே முடிவு செய்யலாம். ஆனால் ட்ராக்கிங் இல்லாத பார்சல் தொலைந்தால் கேட்பது கஷ்டம். அதனால் விலை உயர்ந்த பாகத்தில் நான் அதை விட்டுக் கொடுப்பதில்லை.

பதிலே போடாதவரிடம் வாங்குவதில்லை. 'முதலில் பணம் கட்டுங்கள், அப்புறம் பார்த்துத் திருப்பித் தருகிறேன்' என்பவரிடம், அவருடைய பழைய மதிப்புரைகளில் யாராவது 'தபால் செலவைத் திருப்பித் தந்தார்' என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குவேன். சந்தைக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் குறைத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னார். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவே கூடாது. வெளியே கட்டினால் சந்தை தரும் பணப் பாதுகாப்பு போய்விடும், பார்சல் வராவிட்டால் கேட்க நாதி இருக்காது.

இந்தச் சந்தைக்கு நான் கொடுப்பது ஐந்தில் மூன்று நட்சத்திரம். பொருள்களுக்கும் பணப் பாதுகாப்புக்கும் அந்த மூன்று. ஒரே ஆளிடம் நான்கு பொருளைக் கூடையில் போட்டால் 'சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேட்கிறீர்களா?' என்று பணம் கட்டும் பக்கத்திலேயே ஒரு பொத்தான் வைக்கலாம். புகார்ப் பட்டியலில் தபால் செலவுக்கு நான்காவது பொத்தான் வைக்கலாம். பட்டியலிடும்போதே பெட்டியின் மூன்று அளவுகளையும் கேட்டு வாங்கிக் காட்டினால், மர மூடி விஷயத்தில் நான் செய்த தவறை இன்னொருவர் செய்ய மாட்டார். கமிஷன் வாங்கும் இடத்துக்கு இவை முடியாத காரியம் இல்லை.

மர மூடியை அனுப்பியவரிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நட்சத்திரத்தை ஐந்தாக மாற்ற, விற்றவரின் சம்மதத்தோடு சந்தைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, நான்கு நாள் ஆனது. பழைய வரியை அழித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: 'பெட்டி அளவு 50 × 30 × 32. கூரியர் கணக்கில் 9.6 கிலோ. அதற்கு இந்தத் தபால் செலவு குறைவுதான். மூலைகளுக்கு அட்டை வைத்து, நடுவில் பழைய போர்வை சுருட்டி வைத்து அனுப்பியிருந்தார். மரத்தில் ஒரு கீறல் இல்லை.'